பேசும் படத்துக்கு மௌனம் கற்பித்தவர்

பட மாளிகையிலிருந்து வெளியே வரும் கூட்டத்தை மறித்து, நடித்தவர் யாரென்று வினவினால் நூறு வாய்கள் விடை கூறும். நெறியாண்டவர் பெயரைச் சொல்லுவோரும் பத்துப் பேராவது இருப்பர். பாட்டில்லாத இடங்களிலே காட்சிக்குப் பின்னால் நின்று ஒலித்த இசையை ஆக்கியவர் யாரென்று கேட்டாலோ, கேட்டவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அப்பால் நடப்பார்கள். அவ்விசை தம் செவியிற் பட்டதே பலருக்கு நினைவிராது. தன்னை முன்னே நிறுத்தாமல் ஒலிப்பதே அவ்விசைக்கு அழகு என்று கொண்ட ஒருவர் பிரான்சு தேசத்திலே இருந்தார். மொறிஸ் ஜோபேர் என்பது அவர் பெயர். வாழ்ந்தது நாற்பது ஆண்டும் சில மாதமுமே. அவற்றுள் திரைப்படத்துக்கு அவர் கொடுத்தவை ஏறத்தாழப் பத்து ஆண்டுகள்.

மத்தியதரைக் கடலை நோக்கிக் கிடக்கும் நீஸ் நகரத்திலே, 1900ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 3ஆந் திகதி ஜோபேர் பிறந்தார். தந்தையார் நியாயவாதி, பின்னர் அந்நகரத்து நியாயவாதிகளுக்குத் தலைவராகவும் விளங்கியவர். மைந்தர் ஊர்க் கல்லூரியிலே பாடமும் ஊர் இசைக்கல்லூரியிலே பியானோவும் ஒருங்கே பயின்று, பதினாறாம் வயதிலேயே இரண்டிலும் தேறினார். ஆயினும் குலத்தொழில் அவரை விடவில்லை. பாரிசு சென்று சட்டம் பயின்று, 1919ஆம் ஆண்டிலே நியாயவாதியானார். அப்பொழுது பிரான்சு தேசத்து நியாயவாதிகள் எல்லாருள்ளும் வயதில் இளையவர் அவரே என்பர்.

மகன் அப்புக்காத்தாக வேண்டுமென்று நேர்த்தி வைக்கும் பெற்றோர் எத்தேயத்திலும் உளர். அப்புக்காத்தான பின்னர் அதனை உதறிவிட்டு வாத்தியத்தின் பின்னே போகும் மகனைப் பெற்றோர் அரியர். ஜோபேர் அப்படிப் போனார். இடையிலே படைச்சேவைக்காக அல்ஜீரியாவுக்குச் சென்று, பொறியியற் படைப்பிரிவிலே அதிகாரியாக இருந்தார். பாலம் கட்டவும் பாலம் தகர்க்கவும் வல்ல பிரிவு அது. அச்செய்தியை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்க; பின்னர் அது வேண்டப்படும். 1923ஆம் ஆண்டிலே சட்டத்துக்கு முற்றாக விடைகொடுத்துப் பாரிசிலே குடியேறி, அல்பேர் குறோ என்பாரிடம் இசையிலக்கணத்தை மேலும் கற்றார்.

கற்கின்றவனுக்கும் வயிறு உண்டு. பிளேயெல் என்னும் பியானோக் கம்பனியார் அக்காலத்தில் 'பிளேயெலா' என்றொரு பொறியைச் செய்து விற்றனர். துளையிட்ட காகிதச் சுருளொன்றை அதனுட் கொளுவினால், வாசிப்பார் இன்றியே பியானோ தானாக ஒலிக்கும். அச்சுருள்களை ஆக்கும் வேலை ஜோபேருக்குக் கிடைத்தது. பிறர் இதனைக் கூலி வேலையென்று தள்ளியிருப்பர். ஜோபேரோ அதிலே ஒரு பாடம் படித்தார். மனிதக் கை செய்ய மாட்டாத சிலவற்றைப் பொறி செய்யும்; பொறி செய்யமாட்டாத சிலவற்றை மனிதன் செய்வான்; இரண்டின் எல்லையையும் அறிந்தவனே புதுமை காண்பான் என்பதே அப்பாடம். 1925ஆம் ஆண்டிலே, கால்தெறோன் என்னும் பழைய ஸ்பானிய நாடகாசிரியரின் நாடகமொன்றுக்கு அவர் இசை அமைத்தபோது இந்தப் பொறிப் பியானோவையே அரங்குக்குக் கொணர்ந்தார். அக்காலத்திலேதான் மார்த் பிறேகா என்னும் பாடகியை அறிந்து, 1926இல் மணம் புரிந்தார். மணச்சாட்சியாக நின்றவர் மாபெரும் இசைவாணராகிய மொறிஸ் றவெல். ஜோபேர் ஆக்கிய வாய்ப்பாட்டுகளுட் பெரும்பாலானவற்றைப் பின்னாளிலே பாடியவர் அம்மனைவியாரே.

இனித் திரைக்கு வருவோம். ஊமைப்படக் காலத்திலே இசை ஓயாது. திரைக்கு அருகே பியானோக்காரரோ வாத்தியக் குழுவினரோ அமர்ந்து, படம் தொடங்கியதிலிருந்து முடியும்வரை வாசித்துக்கொண்டே இருப்பர். 1930ஆம் ஆண்டை அண்டிப் பிரான்சிலே படம் பேசத் தொடங்கியதும் பேச்சு வந்தது. காலடியோசையும் கதவோசையும் வந்தன. அவற்றோடு பழைய வழக்கத்தால் ஓயாத இசையும் வந்தது. மூன்றும் ஒன்றையொன்று மிதித்தன. இந்த நெருக்கடியிலே இசைக்கு உரிய இடம் எது என்று ஆற அமர எண்ணியவர் சிலரே. அவருள் ஜோபேர் முற்பட நிற்பவர். 1929இல் கவல்கான்ரி என்னும் நெறியாளரின் 'சிவப்புத் தொப்பிச் சிறுமி' என்ற படத்துக்கு இசை அமைத்தது அவர் தொடக்கம். கடல்வாழ் உயிர்களைப் படமாக்கிய ஜான் பன்லெவே என்னும் விஞ்ஞானியோடும் சேர்ந்து உழைத்தார். பின்னர்ப் பதே நத்தான் என்ற பெரிய படக் கம்பனியின் இசைப் பகுதிக்கு நெறியாளரானார். 1933இல் றெனே கிளேரின் 'யூலை பதினான்கு' வெளிவந்தது. அதற்கென ஜோபேர் ஆக்கிய வால்ஸ் மெட்டுப் பாரிசு நகரின் புறச்சேரிகளிலே யாவரும் முணுமுணுக்கும் பாட்டாயிற்று. சனங்களின் நாவிலே தவழும் மெட்டை ஆக்க அவருக்குத் தெரியாது என்று சொல்ல இனி ஒருவராலும் இயலாது. இதனையும் நினைவில் வைக்க வேண்டும். அடுத்த ஆண்டு நடந்த அநீதிக்கு இது சாட்சி.

1933ஆம் ஆண்டிலேயே ஜான் வீகோ என்னும் இளைஞரோடு ஜோபேருக்குத் தொழில் உறவு ஏற்பட்டது. வீகோவின் தந்தையார் அரசை எதிர்த்து எழுதியவர். 1917இல் சிறையிலே இறந்தார். அவர் பெயரைச் சொல்ல அஞ்சி, வேறொரு பெயர் தாங்கி, விடுதிப் பள்ளியிலே வளர்ந்த பிள்ளை வீகோ. அந்த விடுதி வாழ்க்கையைத்தான் 'நடத்தைக்குப் பூச்சியம்' என்ற படமாக எடுத்தார். ஆசிரியத் தொழில் புரிவோர் அதனைப் பார்க்கும்போது சிற்சில இடங்களிலே தலைகுனிய நேரும். எனக்கும் நேர்ந்தது. அதிகாரிகள் தலைகுனிய விரும்பாமையால் படத்தைத் தடை செய்தனர். 1945 வரை தடை நீங்கவில்லை.

அப்படத்திலே நள்ளிரவில் மாணவர் தலையணைகளால் அடித்துக்கொள்வர். தலையணைகள் கிழிந்து, இறகுகள் பனிபோலப் பறக்கும். திடீரெனக் காட்சி மெதுவாகி, பிள்ளைகள் கனவிலே நடப்பார்போல ஊர்வலம் போவர். இந்த ஊர்வலத்துக்கு எவ்விதமான இசை வேண்டும்? ஜோபேர் முதலில் ஒரு மெட்டை ஆக்கினார். அதனைக் கடைசிச் சுரத்திலிருந்து முதற் சுரம் வரையில் தலைகீழாக எழுதினார். வாத்தியக்காரர் அத்தலைகீழ் மெட்டை வாசிக்க, அதனை ஒலிப்பதிவு செய்தார். பின்னர் ஒலிச்சுருளைப் பின்னிருந்து முன்னாகத் திருப்பி ஓட்டினார். மெட்டு இப்பொழுது நேராகி விட்டது. ஆனால் ஒவ்வொரு சுரமும் தன்னளவிலே தலைகீழாயிற்று. கோயில் மணியை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். மணியில் அடி முதலில் விழும். இரைச்சல் பின்னர் மெல்ல மெல்லத் தேயும். அந்த இரைச்சல் ஒன்றுமில்லாமையிலிருந்து முதலில் எழுந்து, வளர்ந்து, அடியிலே போய் முடிந்தால் எப்படியிருக்கும்? அப்படியொரு விந்தையான ஒலி. காகிதச் சுருளோடு கழித்த காலம் வீண்போகவில்லை.

மறு ஆண்டு வந்தது 'லாதலாந்த்'. ஆற்றிலும் கால்வாயிலும் பாரமேற்றிச் செல்லும் ஒரு வள்ளத்தின் பெயர் அது. வள்ளத் தலைவன் ஜான் ஒரு கிராமத்துப் பெண்ணை மணந்து வள்ளத்துக்கு அழைத்து வருகின்றான். பாரிசின் ஆசையால் அவள் ஒருநாள் கரையிறங்கிப் போக, கோபத்திலே அவளை விட்டுவிட்டு வள்ளம் நகர்கின்றது. பின்னர் அவன் பித்தன்போல் ஆகி, காதலியின் முகம் தோன்றுமென்று ஆற்றுள் மூழ்கிக் கண்விழித்துத் தேடுகின்றான். கதை இவ்வளவே. ஜோபேர் இதற்கென வள்ளக்காரர் பாட்டொன்று ஆக்கினார். வள்ளத்து இயந்திரத்தின் தாளத்தையே எடுத்து இசைக்குத் தாளமாக்கினார். வள்ளத்திலே வேலைசெய்யும் கிழவன் ஒரு கிறாமபோன் தட்டின்மேல் விரலால் உரசுவான். உடனே இசை எழும். விரலை எடுத்தால் நிற்கும். கிழவன் திகைப்பான், நாமும் திகைப்போம். மறைவிலே சிறுவனொருவன் அக்கோர்டியன் வாசித்துப் பரிகாசம் செய்கிறான் என்பது பின்னர்த் தெரியவரும். இசை எங்கிருந்து வருகின்றது என்ற கேள்வியையே விளையாட்டாக்கிய காட்சி இது.

படத்தைப் பார்த்த வியாபாரிகள் முகஞ் சுளித்தனர். வெளியிடும் பொறுப்பைக் கொண்டிருந்த கோமோன் கம்பனியார் அதனை ஏறத்தாழ அறுபத்தைந்து நிமிட அளவுக்கு வெட்டினர். அவ்வளவோடு அமையாமல், அக்காலத்திலே பெயர்பெற்றிருந்த 'கடந்து செல்லும் வள்ளம்' என்னும் பாட்டை ஜோபேரின் இசையிருந்த இடங்களிலே புகுத்தி, படத்துக்கும் அப்பாட்டின் பெயரையே சூட்டினர். அதுவும் இத்தாலியப் பட மெட்டொன்றுக்குப் பிரெஞ்சுச் சொற் புனைந்தது. பாட்டின் பெயரால் படம் விலைபோகும் என்பது கணக்கு. கணக்கும் பலிக்கவில்லை; 1934 செப்ரெம்பரிலே வெளிவந்த படம் விரைவிலே மறைந்தது. கயரோகத்தாற் படுக்கையிலே கிடந்த வீகோ அக்ரோபர் 5ஆந் திகதி இறந்தார். அவருக்கு வயது இருபத்தொன்பது. ஒரு புலவனின் காப்பியத்திலே ஏடுகளை உருவிவிட்டு, இடையிடையே தெருக்கூத்துப் பாட்டைச் செருகி, அட்டையிலும் அக்கூத்தின் பெயரை எழுதி விற்றால் தமிழ் படித்தவர் எவ்வளவு கொதிப்பர்! திரைப்படத்தைக் காப்பியமென்று எண்ணாத காலமாகையால் அன்று கொதித்தவர் மிகச் சிலர்.

இத்துணைக்கும் பின்னர் ஜோபேர் திரையை வெறுக்கவில்லை. தாம் கண்டதைச் சொல்லவேண்டும் என்று துணிந்தார். 1936ஆம் ஆண்டின் இறுதியிலே இலண்டனில் திரையிசை குறித்து அவர் ஆற்றிய விரிவுரை இன்றும் இத்துறையாராற் போற்றப்படுவது. ஹொலிவூட்டிலே அவ்வாண்டிற் பரிசு பெற்ற 'இன்போமர்' என்ற படத்தின் இசையை அவர் உதாரணமாக எடுத்தார். அதிலே நாணயங்கள் விழுந்தால் வாத்தியங்களும் நாணயம்போல விழும். குடிகாரனின் தொண்டையிலே பியர் இறங்கினால் வாத்தியமும் இறங்கும். இது பிள்ளைத்தனம் என்றார் ஜோபேர். கண்ணாற் கண்டதைச் செவிக்கும் ஒருமுறை சொல்லுவதற்கு இசை எதற்கு? பாத்திரத்தின் துன்பத்தை வயலின்கள் அழுது விளக்குவதற்கு எதற்கு? படத்துக்கு உள்ளேயே ஒரு நடை, ஒரு தாளம் உண்டு. அதனைக் கேட்கச் செய்வதே இசையின் தொழில். மற்ற இடங்களிலே அது வாய்மூடி இருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கையின் சாரம்.

சிலப்பதிகாரம் கற்றோருக்கு இது புதிதாகத் தோன்றாது. அரங்கேற்று காதையிலே தண்ணுமையாசிரியனுக்கு இலக்கணம் கூறுமிடத்து, ஏனைக் கருவிகளின் குறையை நிரப்புதலும் மிகையை அடக்குதலும் அளவு கடவாது செய்ய வல்லவனே முதல்வன் என்னும் கருத்து அமைந்திருக்கின்றது. அடக்கத் தெரியாதவனுக்கு ஆக்கத் தெரியாது. ஜோபேர் இளங்கோவடிகளை அறிந்தவரல்லர். ஆயினும், ஆடுவோர்க்குத் துணைநிற்கும் இசை யாதென்ற வினாவுக்கு இரு நாட்டு அறிஞரும் ஒருபுடை ஒத்த விடையையே கண்டிருக்கின்றனர்.

இலண்டன் தொடர்பினால், பிரித்தானியத் தபாற் பகுதியின் திரைப்படப் பிரிவுக்காகக் கவல்கான்ரி எடுத்த 'நாம் இரு உலகங்களில் வாழ்கின்றோம்' என்ற படத்துக்கு 1937இல் இசை தந்தார். பசில் றைற் இலங்கைக்கு வந்து 1934இல் எடுத்த 'சிலோன் கீதம்' என்ற படமும், கொழும்பு லயனல் வென்ட் அவர்களின் குரலோடு, இந்தப் பிரிவிலேயே நிறைவு பெற்றது என்பதை நம் வாசகர்களுக்கு நினைவூட்டலாம். ஒலியைப் புதிதாக ஆராய்ந்த கூட்டம் அது.

அதே 1937இல் டுவிவியேயின் 'நடன ஏடு' வந்தது. கைம்பெண்ணொருத்தி, தன் முதல் நடன விருந்திலே தன்னோடு ஆடியவர்களின் பெயர் எழுதிய ஏட்டைக் கண்டெடுத்து, அவர்களை ஒவ்வொருவராகத் தேடிச் செல்லுகின்றாள். ஒருவன் இறந்துபோனான், ஒருவன் கெட்டுப்போனான், யாவரும் மாறிப்போயினர். அவள் நினைவிலே எழும் அந்தப் பழைய நடனத்துக்கு ஜோபேர் வால்ஸ் ஒன்றை ஆக்கி, முன் சொன்ன தலைகீழ் வித்தையையே மீண்டும் கையாண்டார். ஆனால் பயன் வேறு. பிள்ளைகளின் கனவாக இருந்த ஒலி, இங்கே கைநழுவிப்போன காலத்தின் ஒலியாயிற்று. ஒரே உத்தி இரு மெய்ப்பாடுகளைத் தருதல் கவிதையிலும் அரிது.

மார்செல் கார்னேயும் கவிஞர் ஜாக் பிறேவேரும் சேர்ந்து ஆக்கிய படங்களுக்கு அவர் தந்த இசை புகழாற் பெரியது. 'விந்தை நாடகம்', 'பனிமூட்டத் துறை', 'விடிகின்றது' என்பன 1937 முதல் 1939 வரை வெளிவந்தவை. கார்னேயின் 'வடக்கு விடுதி' என்ற படத்துக்கும் இடையிலே 1938இல் இசையமைத்தார். இவற்றுள் 'விடிகின்றது' ஒன்றே அவருடைய கொள்கைக்கு உரைகல். கொலை செய்த தொழிலாளி ஒருவன் மேல்மாடி அறையிலே தாளிட்டுக்கொண்டு இரவைக் கழிக்கின்றான். கீழே பொலிசார் சூழ்ந்து நிற்கின்றனர். நடந்தவற்றை அவன் நினைத்துப் பார்க்கின்றான். இன்னொருவராயின் எக்காள முழக்கம் இட்டிருப்பர். ஜோபேர் சில காற்று வாத்தியங்களையும் முழவையும் எடுத்துக்கொண்டார். முழவு அடங்கிய குரலிலே, இதயம் அடிப்பதுபோல அடிக்கின்றது. நீண்ட இடங்களிலே இசையே இல்லை. விடியற்காலையில் அவன் தன்னைத் தானே சுட்டுக்கொண்டு கிடக்க, அறையிலே கண்ணீர்ப்புகை பரவ, என்றும்போல அலாம் மணிக்கூடு அடிக்கின்றது. அந்த மணியோசைக்கு முன்னே எந்த இசையும் எம்மாத்திரம்!

திரையே அவருடைய முழு வாழ்வென்று கொள்ளல் ஆகாது. ஜிறோடூ எழுதிய 'திறோய்ப் போர் நிகழாது' என்ற நாடகம் 1935இல் மேடையேறியபோது இசை அவருடையது. பெயர் அவ்வாறிருந்தும் நாடக முடிவிலே போர் வந்தே விடும். 1937இல், சார்ல் பெகீயின் கவிதையைக் கொண்டு வீராங்கனை ஜான் தார்க்கைப் பற்றிப் பெரிய இசைப்படைப்பு ஒன்றை ஆக்கினார். அப்பெகீ முதல் உலகப் போரின் தொடக்கத்திலேயே, 1914 செப்ரெம்பரில், களத்தில் வீழ்ந்தவர். ஜான் தார்க் பிறந்தது லொறேன் மாகாணத்திலே. இம்மூன்று செய்திகளும் ஜோபேர் வாழ்வின் ஓரத்திலே முன்னரே வந்து நின்றன போலும்.

1939 செப்ரெம்பரிலே போர் மூண்டது. பழைய பொறியியற் பிரிவு அதிகாரி மீண்டும் அழைக்கப்பட்டு, கப்டன் என்ற பதவியோடு ஒரு பொறியியற் கொம்பனிக்குத் தலைமை தாங்கினார். முகாமிலிருந்து மனைவிக்கு எழுதிய கடிதங்களிலே வெறுப்போ வீரப்பேச்சோ இல்லை. கடமையும் மனிதர்மேல் இரக்கமுமே காணப்படும். அங்கேயே இரண்டு படைப்புகளை எழுதி முடித்தார். திருமறைச் சங்கீதங்கள் மூன்றனைப் போர்க்காலத்துக்கென இசைப்படுத்தியது அவற்றுள் ஒன்று. இரண்டையும் அவர் செவியாற் கேட்டதில்லை.

1940 யூன் 17ஆந் திகதி, போரை நிறுத்துமாறு பெத்தான் வானொலியிலே நாட்டு மக்களுக்குச் சொன்னார். 22ஆந் திகதி உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. இவ்விரு நாளுக்கும் இடைப்பட்ட 19ஆந் திகதி, லொறேன் மாகாணத்து அசெறாய் என்னும் ஊரருகே, யேர்மானியப் படை வரும் வழியிலிருந்த ஒரு பாலத்தை ஜோபேரின் கொம்பனி தகர்த்தது. வேலை செவ்வனே முடிந்தது. முடிந்த பின்னர்க் குண்டு அவர்மேற் பட்டது. பளிங்குக் கண்ணாடிக்குப் பெயர்போன பக்கறா நகரத்து ஆஸ்பத்திரியிலே சில மணி நேரத்தில் உயிர் நீங்கியது. தோற்று முடிந்த போரிலே ஒரு பாலத்துக்காக இவரை இழந்தது தகுமோ என்று கேட்கத் தோன்றுகின்றது. அவருக்கு அக்கேள்வி எழுந்திருக்குமென்று நான் நினைக்கவில்லை.

முப்பத்தைந்து ஆண்டுகள் சென்றன. பெரும் வாத்திய முழக்கமே திரையிசை என்ற எண்ணம் உலகெங்கும் வேரூன்றிய காலம் அது. பிரான்சின் புகழ்பெற்ற நெறியாளராகிய பிரான்சுவா திரூஃபோ, விக்தர் ஹியூகோவின் மகளைப் பற்றி 1975இல் எடுத்த படத்துக்குப் புதிய இசை தேடவில்லை; ஜோபேரின் பழைய ஏடுகளை எடுத்தார். படப்பிடிப்புக்கு முன்னரே அவற்றை வாசிக்கச் செய்து பதிவுசெய்து, நடிகர் நடிக்கும்போது அவ்விசையைத் தளத்திலே ஒலிக்கவும் செய்தார். முன்னே காட்சியின் பின்னாற் சென்ற இசை, இப்பொழுது காட்சியை முன்னின்று நடத்திற்று. தொடர்ந்து 1978 வரை வேறு மூன்று படங்களிலும் அவ்வாறே செய்தார். அவற்றுள் இறுதியானது 'பச்சை அறை'. இறந்தோரை மறக்க மறுக்கும் ஒருவன், ஒரு சிற்றாலயத்திலே தன் இறந்தோர் அனைவருக்கும் விளக்கேற்றி வைக்கும் கதை அது. அங்கே மாட்டியிருக்கும் உருவப்படங்களுள் ஒன்று ஜோபேருடையது. விளக்கேற்றுபவனாக நடித்தவர் திரூஃபோவே. அவரும் 1984இல் மறைந்தார்.

'லாதலாந்த்' படத்துக்கும் விமோசனம் கிட்டியது. வெட்டுண்ட பகுதிகள் பல இடங்களிலே தேடப்பட்டன. இலண்டன் திரைப்படக் காப்பகத்திலே பழைய நல்ல பிரதியொன்று கிடைத்தது. 1990ஆம் ஆண்டிலே படம் செப்பனிடப்பட்டு வெளிவந்தது. செருகிய பாட்டு நீங்கி, ஜோபேரின் பாட்டு தன் இடத்துக்கு மீண்டது. படத்தின் கடைசிப் பகுதியிலே அப்பாட்டு வரும் இடம் ஒன்றுண்டு. வள்ளத்துக் கிழவன், தலைவனின் மனைவியைத் தேடிப் பாரிசு வீதிகளிலே அலைகின்றான். இசைத்தட்டுப் போட்டுக் கேட்கும் கடையொன்றிலே வேலைக்கமர்ந்திருக்கும் அவள், வள்ளக்காரர் பாட்டைத் தேர்ந்து போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். கடை வாயிலிலுள்ள ஒலிபெருக்கி வழியே அது வீதியிலும் ஒலிக்கின்றது. கிழவன் நிற்கிறான், செவி சாய்க்கிறான், உள்ளே புகுந்து, ஒரு வார்த்தையும் பேசாமல், அவளைத் தோளிலே தூக்கிக்கொண்டு வள்ளத்தை நோக்கி நடக்கிறான்.